கடைசிக் கால் குளிசை: மனச்சோர்வு மருந்தை எந்த வழியால் நிறுத்துவது?

அக்காவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். போன மாதம் ஒரு பின்னேரம் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவள், தேநீர் ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு, கைப்பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். "சின்னம்மா, நான் இப்போது சுகமாகத்தானே இருக்கிறேன். கலியாணத்துக்கு முன்னம் இந்த மருந்தை நிறுத்திவிடலாம்தானே?" என்று கேட்டாள்.

இரண்டரை வருடமாக அவள் வென்லபக்சின் என்ற மனச்சோர்வு மருந்தை 75 மில்லிகிராம் எடுக்கிறாள். கடந்த ஒரு வருடமாக நன்றாக நித்திரை கொள்கிறாள், வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள். அவள் கேட்டதில் பிழையே இல்லை. ஆனாலும் "ஓம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022ஆம் ஆண்டு எனக்கு நடந்ததுதான் காரணம்.

அம்மா காலமான பிறகு, 2018இல், எனக்கு மனச்சோர்வுக்குச் சேர்ட்ரலின் தொடங்கினார்கள். 100 மில்லிகிராமில் நான் மனுசியானேன், திரும்பவும் வகுப்பறைக்குள் போனேன். 2022 ஆனியில் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து கிளினிக்குக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்த நேரம். கையில் இருந்த குளிசை முடிந்ததும், "நான் சுகமாகிவிட்டேன், இனி எதற்கு?" என்று நானே முடிவெடுத்து விட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தொடங்கியது. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் கறண்ட் அடித்தது. ஒரு வினாடிதான், ஆனால் உடம்பு முழுவதும் அதிர்ந்து நிற்கும். பிறகு ஓங்காளம். தடிமன் காய்ச்சல் வந்தது போல உடம்பு உளைவு. நடக்கும்போது நிலம் வள்ளம் போல ஆடியது. இரவில் வியர்த்துக் கொட்டி, பயங்கரமான கனவுகளுடன் எழும்புவேன். தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் அழுவேன். வீட்டில் பிரசர் என்றார்கள். பிரசர் சரியாக இருந்தது. காதில் பிழை என்றார்கள், தலைச்சுற்றுக்கு மருந்து வாங்கிக் குடித்தேன், நிற்கவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு தாதியம்மா கேட்ட ஒரு கேள்வியில்தான் விடை கிடைத்தது. "ரீச்சர், கிட்டடியில் ஏதாவது குளிசையை விட்டீர்களா?"

வைத்தியரின் சொற்படி சேர்ட்ரலினைத் திரும்பத் தொடங்கினேன். நான்காம் நாள் தலைக்குள் இருந்த மின்சாரம் அணைந்துவிட்டது.

நிறுத்துவதற்கு ஒரு வழி மட்டும் இல்லை. வழிக்கு வழி எவ்வளவு வித்தியாசம் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பெறாமகளுக்கு அன்று வாயால் சொன்னதையும், பிறகு அவளுடன் கிளினிக்கில் இருந்து கேட்டறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. இதை வாசித்துவிட்டுத் தனியே குளிசையை வெட்டத் தொடங்காதீர்கள். வைத்தியருக்கு முன்னால் இருக்கும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்கு இதை வாசியுங்கள்.

அடிமைத்தனம் அல்ல, பழகிய உடம்பு

"இந்தக் குளிசைக்கு அடிமையாகிவிடுவாய்" என்று சொல்லாத சொந்தக்காரர் நம் ஊரில் குறைவு. கறண்ட் அடித்ததைச் சொன்னதும் "பார்த்தாயா, நாங்கள் அப்போதே சொன்னோம்" என்றார்கள். இது மனதைப் புண்படுத்தும் பிழையான கதை. குடிக்கு அடிமையானவருக்கு வருகிற ஆசை இந்த மருந்தில் வருவதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அளவு கூட்டிக்கொண்டு போகத் தோன்றுவதுமில்லை. நரம்புகளுக்கிடையே செரோட்டோனின் என்ற இரசாயனம் அதிகம் நிற்கும்படி மருந்து செய்கிறது. மாதக்கணக்கில் அப்படி இருந்தால் மூளை அந்த நிலைக்கேற்பத் தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. மருந்து திடீரென்று இல்லாமல் போனால், திரும்பவும் சரிப்படுத்த அதற்கு நேரம் போதாது. அந்த இடைவெளியில் வருவதுதான் தலைச்சுற்று, ஓங்காளம், கறண்ட் அடித்தல், எரிச்சல், நித்திரையின்மை எல்லாம். இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1950களின் முடிவில் முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றான இமிப்ரமின் பாவனைக்கு வந்து சில வருடங்களுக்குள்ளேயே, அதை நிறுத்தியவர்களுக்கு இப்படி வருவதை வைத்தியர்கள் எழுதிவைத்துவிட்டார்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது? 2024இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 வீதமானோருக்கு ஏதாவது அறிகுறி வந்தது. மருந்தே இல்லாத வெறும் குளிசையை நிறுத்தியவர்களிலும் 17 வீதமானோருக்கு அப்படி வந்தது. ஆகவே உண்மையில் மருந்தால் வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வருவது ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. பெரும்பாலானோர் பயப்படத் தேவையில்லை என்பது இதில் நல்ல செய்தி. ஆனால் வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு வாய்ப்புக் கூட. அந்த 35இல் ஒருவர் நீங்களாக இருந்தால், மற்ற 34 பேரின் சுகம் உங்களுக்கு உதவாது.

திரும்பி வந்தது நோயா, விட்ட மருந்தா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னம் இதைத் தெளிவாகப் பிரிக்க வேண்டும். இது பிழைத்தால் பின்னால் எடுக்கிற முடிவெல்லாம் பிழைக்கும். எத்தனையோ பேர் மருந்தை நிறுத்தி ஒரு கிழமையில் அழுகையும் பதற்றமும் வந்ததும் "எனக்கு இந்த வருத்தம் இனி மாறாது, வாழ்நாள் முழுவதும் குளிசைதான்" என்று உடைந்துபோகிறார்கள். அது வருத்தமே அல்லாமல் இருக்கக்கூடும்.

முதலில் நாளை எண்ணுங்கள். மருந்து விட்டதால் வருவது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாட்களில் தலைகாட்டும். மனச்சோர்வு திரும்பி வருவதென்றால் கிழமைகள், மாதங்கள் எடுத்து மெல்ல மெல்ல ஊறும். அடுத்து, வருத்தம் தொடங்கிய காலத்தில் உங்களுக்கு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறதா என்று பாருங்கள். மனச்சோர்வில் எனக்குத் தலைக்குள் ஒருநாளும் கறண்ட் அடித்ததில்லை, நிலம் ஆடியதில்லை. இவை புதியவை. மூன்றாவது, மருந்தைத் திரும்பத் தொடங்கினால் என்ன நடக்கிறது? சில நாட்களில் பறந்துபோனால் அது மருந்து விட்டதால் வந்தது. திரும்பி வந்த மனச்சோர்வு அவ்வளவு விரைவில் இறங்காது. அதற்குக் கிழமைக்கணக்கு வேண்டும்.

புளுவொக்செற்றின் என்ற மனச்சோர்வு மருந்து மட்டும் இந்த நாள் கணக்குக்குள் அடங்காது. அது உடம்பை விட்டுப் போக வாரங்கள் எடுக்கும். அதனால் அறிகுறி வந்தாலும் நிறுத்திப் பல வாரம் கழித்தே வரக்கூடும். அதற்குள் நிறுத்தியதையே மறந்துவிடுவோம்.

ஒரே நாளில் விடுவது

நம்மிடையே அதிகம் பேர் செய்வது இதுதான், அதுவும் வைத்தியருக்குத் தெரியாமல். நோய் சுகமான தைரியத்தில், அல்லது விரதத்துக்காக, அல்லது "கலியாணம் பேசுகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் குளிசைப் பெட்டியைக் கண்டுவிட்டால்?" என்ற பயத்தில். என் அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெண்பிள்ளையைப் பெற்ற தாய்க்கு இந்த ஊர் கொடுக்கிற பயம் அது.

இந்த வழியில் எவ்வளவு ஆபத்து என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. உடம்பில் இருக்கும் மருந்தில் பாதி வெளியேற எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். வென்லபக்சினுக்கு ஏறத்தாழ 5 மணித்தியாலம், அது உடம்பில் மாறி உருவாகும் செயலுள்ள பொருளுக்கு 11 மணித்தியாலம். பரொக்செற்றினுக்கு ஒரு நாளுக்கும் குறைவு. சேர்ட்ரலினுக்கு ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல். புளுவொக்செற்றினுக்குச் சில நாட்கள், அதிலிருந்து உண்டாகும் பொருளுக்கு ஒன்று இரண்டு கிழமை. வென்லபக்சினும் பரொக்செற்றினும் நிறுத்துவதற்குக் கடினமானவை என்று பேரெடுத்தவை. என் பெறாமகள் ஒருநாள் காலை எடுக்க மறந்தாலே பின்னேரம் தலை கிறுகிறுக்கிறது என்கிறாள். அப்படிப்பட்டவள் ஒரே நாளில் விட்டால் கலியாண மேடையில் நிலம் ஆடும்.

சொல்லவேண்டிய இன்னொன்று: எமிற்றிப்ரிலின். தலையிடிக்கும் நரம்பு வலிக்கும் நித்திரைக்கும் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். எடுக்கும் வயதானவர்களில் பலருக்கு இது பழைய மனச்சோர்வு மருந்து என்பதே தெரியாது. நீண்டகாலம் எடுத்துவிட்டுச் சட்டென்று விட்டால் ஓங்காளம், வியர்வை, நித்திரையின்மை, கனவு எல்லாம் இதிலும் வரும். 10 மில்லிகிராமிலும் குளிசை இருப்பதால் படிப்படியாக இறங்குவது சுலபம். வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டாலே போதும்.

தொடங்கிச் சில கிழமைகளே ஆனவர்கள் பெரும்பாலும் இலகுவாக விட்டுவிடலாம். மருந்தால் கடும் பக்கவிளைவு வந்தவரை வைத்தியரே உடனே நிறுத்தச் சொல்லக்கூடும். இந்த இரண்டையும் தவிர, ஒரே நாளில் விடுவதற்கு நான் ஒரு நியாயமும் காணவில்லை.

நான்கு வாரத்தில் இறங்குவது

பாதியாக்கி இரண்டு கிழமை, அதிலும் பாதியாக்கி இரண்டு கிழமை, பிறகு நிறுத்துதல். காலகாலமாக உலகம் முழுவதும் சொல்லிவந்த முறை இதுதான். ஒரு கிளினிக் திகதிக்கும் அடுத்ததற்கும் இடையில் முடிந்துவிடும். குளிசையை வெட்டும் ஒரு சிறிய கருவி போதும், அதுவும் இல்லையென்றால் கோடு போட்ட குளிசையைக் கையால் உடைக்கலாம். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவான் வந்து, பஸ் எடுத்துப் பட்டணம் வருகிற ஒருவருக்கு இது பெரிய வசதி. குறுகிய காலம் எடுத்தவர்கள், முன்பு ஒரு வேளை மறந்தபோது ஒன்றும் ஆகாதவர்கள் இந்த வழியால் நிம்மதியாக இறங்கிவிடுகிறார்கள். முதல் முயற்சிக்கு இதைச் சொன்னால் மறுக்கத் தேவையில்லை.

இதிலே ஒரு கிளைவழி உண்டு: ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது. குளிசை மிச்சம் என்பதால் பலருக்குப் பிடிக்கும். புளுவொக்செற்றினைத் தவிர மற்றவற்றுக்கு இது கூடாது. ஒரு நாளில் ஏறத்தாழப் பாதி வெளியேறும் மருந்தை ஒருநாள் விட்டு எடுத்தால், மூளை இரண்டு நாளுக்கொரு தடவை ஏறி விழுகிறது.

நான்கு வார முறையின் குறை கடைசிப் படியில் இருக்கிறது. அதைவிட மெதுவாக இறங்கிய எனக்கும் அது இரண்டாம் முயற்சியில் தெரிந்தது. 2023 தையில் வைத்தியருடன் கதைத்துத் தொடங்கினேன். 100இலிருந்து 75, 75இலிருந்து 50, 50இலிருந்து அரைக் குளிசை, 25 மில்லிகிராம். மாதம் ஒரு படி. ஒன்றும் தெரியவில்லை. அரையிலிருந்து காலுக்கு வந்தபோது இரண்டு நாள் எரிச்சல், அவ்வளவுதான். இந்தக் காலை விடுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். நகத்தளவுத் துண்டு. விட்ட மூன்றாம் நாள் கறண்ட் திரும்ப அடித்தது.

கடைசிப் பகுதியை மட்டும் மிக மெதுவாக

ஏன் என்று பிறகுதான் அறிந்தேன். 2004இல் கனடாவின் ரொறன்ரோவில், நம்மவர்களுக்குச் சொந்தம் இல்லாத வீடே இல்லாத அந்த நகரில், மனச்சோர்வு மருந்துகள் மூளையில் தங்களுக்குரிய இடங்களில் எத்தனை வீதத்தைப் பிடிக்கின்றன என்று படமெடுத்து அளந்தார்கள். வழமையாகத் தொடங்கும் குறைந்த அளவிலேயே ஏறத்தாழ 80 வீதம் பிடிபட்டுவிடுகிறது. அந்த அளவீடுகளை வைத்து 2019இல் மார்க் ஹோரோவிட்சும் டேவிட் டெய்லரும் லண்டனிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் தானே இந்த மருந்தை நிறுத்தப்போய்த் துன்பப்பட்ட வைத்தியர்.

சிற்றலோபிராமை எடுத்துப் பாருங்கள். 60 மில்லிகிராமில் 88 வீதம். அதை 20ஆகக் குறைத்தாலும் 80 வீதம். 9 மில்லிகிராமில் 70. ஆனால் 2.3 மில்லிகிராம் என்ற தூசளவிலும் 40 வீதம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 60இலிருந்து 20க்கு இறங்கும்போது மூளைக்கு 8 வீதம்தான் குறைகிறது. 2.3இலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்கும்போது 40 வீதம் குறைகிறது. கேணிப் படியில் மேலே எல்லாப் படியும் ஒரே உயரம், தண்ணீருக்குள் மறைந்திருக்கும் கடைசிப் படிக்குக் கீழே ஆளாழம் என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கால் குளிசை அப்படித்தான் இருந்தது.

ஆகவே இந்த வழியில் மில்லிகிராமை எண்ணிக் குறைக்கக்கூடாது, இப்போது எடுப்பதில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டலும் இதையே சொல்கிறது: முதலில் பாதி பாதியாகக் குறைக்கலாம், அளவு சிறிதாகும்போது ஒவ்வொரு தடவையும் கால்வாசியை மட்டும் குறையுங்கள், ஒரு படியில் அறிகுறிகள் அடங்கிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள். கால்வாசிக்கும் கீழே குளிசையை வெட்டவே முடியாது, தூளாகிவிடும். நெதர்லாந்தில் நாள் நாளாக அளவு குறையும் குளிசைகளைப் பட்டியாகக் கோத்துக் கொடுக்கும் முறை உண்டு. பல நாடுகளில் திரவ மருந்து உண்டு. இங்கே மருந்துக்கடை கடையாகக் கேட்டும் எனக்குத் திரவம் கிடைக்கவில்லை. லண்டனில் இருக்கும் மச்சாள் தன் பெயரில் எழுதிய போத்தலை அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னொருவரின் பெயரில் வந்த மருந்தை, செறிவு தெரியாமல் துளித் துளியாக எண்ணிக் குடிப்பது ஆபத்து. போத்தல் முடிந்தால் அடுத்தது எப்போது வரும் என்பதும் யாருக்கும் தெரியாது.

மருந்தாளர் ஒருவர் காட்டித் தந்ததே எனக்கு உதவியது. 50 மில்லிகிராம் குளிசையை 50 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால், ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம். சேர்ட்ரலின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கலங்கித்தான் நிற்கும். அதனால் நன்றாகக் குலுக்கி உடனே ஊசியில்லாச் சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். மிச்சத்தை வைத்திருக்காமல் ஊற்றிவிட வேண்டும். மருந்து வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், ஊற்றத்தான் வேண்டும். பத்து, ஏழரை, ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கிழமை. 2024 சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தலைச்சுற்று ஓரிரு நாள் இருந்தது. கறண்ட் அடிக்கவில்லை.

இந்த முறை எல்லா மருந்துக்கும் பொருந்தாது. மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகளை உடைக்கவோ நசுக்கவோ கூடாது, ஒரு நாளுக்குரிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். என் பெறாமகள் எடுக்கும் வென்லபக்சின் கூட்டுக்குளிசைக்குள் சின்னச் சின்ன மணிகளாக மருந்து இருக்கிறது. கூட்டைத் திறந்து மணிகளை எண்ணிக் குறைக்கிறவர்கள் வெளிநாடுகளில் உண்டு. மணிகளை நசுக்காமல் விழுங்க வேண்டும். நல்ல கண்பார்வையும் பொறுமையும் தனியாக ஒரு மேசையும் வேண்டும். மாமியார் வீட்டுக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு அந்த மேசை எங்கே கிடைக்கும்?

நேரம்தான் இந்த வழிக்குக் கொடுக்கும் விலை. எனக்குப் பதினைந்து மாதம். அதற்குள் கிளினிக்கில் மூன்று வைத்தியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு படியின் திகதியும் அளவும் கிளினிக் கொப்பியிலேயே எழுதப்படவேண்டும் என்று கேட்டு எழுதுவித்தேன். வீட்டில் ஒரு நாட்குறிப்பில் நித்திரை, தலைச்சுற்று, அழுகை மூன்றையும் பத்துக்கு எத்தனை என்று எழுதினேன். புதிய வைத்தியர் அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்ததும் வாதாடவில்லை.

புளுவொக்செற்றினுக்கு மாறி இறங்குவது

வென்லபக்சின், பரொக்செற்றின் போன்ற விரைவில் வெளியேறும் மருந்துகளுக்கு வைத்தியர்கள் சொல்லும் மாற்றுவழி இது. பழைய மருந்தைக் குறைத்து, புளுவொக்செற்றினைத் தொடங்கி, சில கிழமை நிலைத்த பிறகு அதை நிறுத்துவது. வாரக்கணக்கில் தானாகவே மெல்ல வெளியேறுவதால், நாம் தண்ணீரில் கலக்கிச் செய்கிற வேலையில் பெரும்பகுதியை உடம்பே செய்துவிடுகிறது. விலை மலிவு, கிளினிக்குகளில் நெடுநாளாகப் புழங்கும் மருந்து. ஒருநாள் மறந்தாலும் பாதகமில்லை.

குறைகளும் உண்டு. சிலருக்கு ஆரம்பத்தில் பதற்றமும் நித்திரைக் குறைவும் தரும். எமிற்றிப்ரிலின் போன்ற வேறு சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். வென்லபக்சின் இரண்டு விதமாக வேலை செய்யும் மருந்து, புளுவொக்செற்றின் அதில் ஒன்றைத்தான் ஈடுசெய்யும், ஆகவே எல்லா அறிகுறியையும் தடுக்காது. இரண்டு மருந்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நாட்களில் நடுக்கம், காய்ச்சல், கடும் வியர்வை, குழப்பம் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மற்ற வழிகளிலாவது நாமாகச் செய்ய ஒரு பங்கு இருக்கிறது. இந்த மாற்றத்தை ஒவ்வொரு நாளும் வைத்தியர் எழுதிக் கொடுத்தபடியே செய்ய வேண்டும்.

இப்போது நிறுத்தாமல் இருப்பது

இதையும் ஒரு வழியாக எண்ண வேண்டும், தோல்வியாக அல்ல. இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்டகாலம் மருந்தெடுத்து, நிறுத்தலாம் என்று தாங்களே நினைத்த 478 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்து எடுத்தவர்களில் 39 வீதமானோருக்கு ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களில் 56 வீதமானோருக்குத் திரும்பியது. நிறுத்தினால் ஆபத்துக் கூடுகிறது என்பது உண்மை. நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேர் ஒரு வருடம் சுகமாக இருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் பாதியைத்தான் சொல்கிறார். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும் என்பது பொது வழக்கம். மூன்று நான்கு தடவை விழுந்து எழும்பியவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ சொல்வார்கள்.

காலம் பார்ப்பதும் முக்கியம். பிள்ளையின் உயர்தரப் பரீட்சை நடக்கும் மாதம், வீடு மாறும் மாதம், வெளிநாட்டுப் பயணம் இவற்றில் படி இறங்காதீர்கள். மாரிகாலத்தில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களைத் தீவகத்தார் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்த படிக்குரிய மருந்து கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போதைய படியைக் குறையுங்கள். 2022 கற்றுத் தந்தது அது. வன்னியில் 2009இல் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு நான் தனியே ஒன்று சொல்வேன்: மே மாதத்தில் தொடங்க வேண்டாம். அந்த மாதம் நெஞ்சு தானாகவே கனக்கும். அது மருந்து விட்டதால் வந்ததா, துக்கமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்ததும் பயத்தில் அன்றே குளிசையை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தாயையும் பிள்ளையையும் ஒருசேரத் தாக்கும். பிள்ளைக்கு ஆயத்தமாகும் முன்னமே வைத்தியருடன் கதைத்து, தொடர்வதா, மாற்றுவதா, குறைப்பதா என்று முடிவெடுப்பதே நல்லது.

எந்த வழியில் இறங்கினாலும், வீட்டில் ஒருவருக்காவது திகதியைச் சொல்லி வையுங்கள். தலைச்சுற்று உள்ள நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். ஓரிடத்தில் இருக்கவே முடியாத தவிப்பு வந்தாலோ, உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. இலவசமாகத்தான் பார்க்கிறார்கள்.

பெறாமகள் எடுத்த முடிவு

அவளும் நானும் கிளினிக்கில் முக்கால் மணித்தியாலம் இருந்தோம். வைத்தியர் இளையவர், பொறுமையாகக் கேட்டார். ஆவணிக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது, வென்லபக்சின் கடினமான மருந்து, கலியாணக் கிழமையில் கடைசிப் படி வந்து விழக்கூடும். எனக்குத் தோன்றியதும் அதுவே: இப்போது வேண்டாம். அவள் முகம் வாடியது. பிறகு அவளே பேசி ஒரு திட்டம் எழுதுவித்தாள். கலியாணம்வரை 75. புரட்டாதி நடுவில் 37.5. அது அடங்கிய பிறகு புளுவொக்செற்றினுக்கு மாற்றம். அதற்கிடையில் பிள்ளை பற்றிய எண்ணம் வந்தால் திட்டத்தைத் திரும்பப் பார்ப்பது. மணி எண்ணும் வழியை அவள் தொடவே இல்லை. சேர்ட்ரலின் எடுப்பவளாக இருந்திருந்தால் என் தண்ணீர் முறையைத்தான் நான் சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா இல்லையா என்பதில்தான் அக்காவுக்கும் அவளுக்கும் இரண்டு நாள் கதை இல்லை. மூன்றாம் நாள், நல்லூர் வீதியில் வைத்து, அவளே சொல்லிவிட்டாள். மருந்தின் பெயர், எத்தனை வருடம், எப்போது குறைக்கப்போகிறாள் எல்லாவற்றையும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாராம். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"எத்தனை மணிக்கு எடுப்பீர்?"

காலை எட்டு மணிக்கு, சாப்பிட்ட பிறகு.